பழைய காருக்கு வீட்டிலேயே துகள்வீச்சு: கழற்றிய பாகத்திலிருந்து பிரைமர் வரை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பட்டர்வொர்த் போன்ற கடலோர ஊரில் ஐம்பது ஆண்டுகளைக் கடந்த ஒரு காரின் அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்த்தால், துரு இரும்பைக் குழி தோண்டி உள்ளேயே குடியேறியிருப்பது தெரியும். கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரால் எவ்வளவு தேய்த்தாலும் குழியின் விளிம்புதான் பளபளக்கும். அடியில் இருக்கும் கரும்பழுப்புத் துரு அப்படியே கிடக்கும். அதன் மேல் பூசிய பெயின்ட் இரண்டு மழைக்காலத்துக்குள் கொப்பளித்துவிடும். குழியின் அடிவரை சென்று சுத்தமான இரும்பை விரைவாக வெளிக்கொணர, காற்றழுத்தத்தால் கடினத் துகள்களை வீசி அடிக்கும் முறையே எனக்குத் தெரிந்தவற்றுள் சிறந்தது. நம்மவர்கள் இதைச் சேண்ட்பிளாஸ்டிங் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்தப் பெயரில் உள்ள மணலைத்தான் முதலில் கைவிட வேண்டும் என்பதால் இங்கே துகள்வீச்சு என்றே எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்டது 1960களின் மோரிஸ் மைனர் ஒன்றில். டாட்சன் 120ஒய், ஃபோக்ஸ்வேகன் பீட்டில், 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா ஆகியவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது

வேலையைத் தொடங்கும் முன் கழற்றிய பாகங்களை மூன்று குவியலாகப் பிரித்துவிடுங்கள். தடித்த இரும்பால் ஆனவை, அதாவது சஸ்பென்ஷன் கைகள், குறுக்குச் சட்டங்கள், பிராக்கெட்டுகள், இரும்பு ரிம்கள், கதவுக் கீல்கள், சேஸிஸ் கால்கள் ஆகியவை முதல் குவியல். இவற்றைத் தயங்காமல் அடிக்கலாம். இரண்டாவது குவியலில் மெல்லிய தகரம் வரும்: மட்கார்டின் உட்புறம், கதவின் கீழ் மடிப்பு, தரைத்தகட்டின் ஓரங்கள். இவற்றைக் குறைந்த அழுத்தத்தில், துரு உள்ள இடத்தில் மட்டும் அடிக்க வேண்டும். பானட், கூரை, கதவின் வெளித்தகடு போன்ற அகன்ற சமதளங்களை வீட்டில் அடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றின் பெயின்டைப் பெயின்ட் ரிமூவராலும் கையாலும் எடுங்கள்.

இந்த மூன்றாவது குவியலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகமான கார்கள் பாழாவது இங்கேதான். துகள்வீச்சின் சூட்டால் தகரம் நெளிகிறது என்று பலர் நம்புகிறார்கள். முதன்மையான காரணம் வேறு. ஒவ்வொரு துகளும் ஒரு சிறு சுத்தியல்போல் தகரத்தின் மேற்பரப்பைத் தட்டி விரிக்கிறது; ஆயிரக்கணக்கான தட்டுகளால் மேற்புறம் நீள, பின்புறம் பழைய அளவிலேயே நிற்க, தகரம் அடித்த பக்கமாகப் புடைத்துக்கொள்கிறது. அக்காலக் கதவுத் தகரத்தின் தடிமன் பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதுதான். என் மோரிஸின் ஓட்டுநர் பக்கக் கதவில், கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அளவு துருவை எடுக்க துகள் வெளிவரும் முனையான நாசிலை ஒரே இடத்தில் சில விநாடிகள் நிறுத்தினேன். அடித்து முடித்துத் தூசியை ஊதியபோது எதுவும் தெரியவில்லை. மாலை வெயில் சாய்வாக விழுந்த வேளையில் அந்த இடம் அப்பளம்போல் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் ‘டொக்’ என்று உள்ளே போய் மறுபடி வெளியே வந்தது. விரிந்த தகரத்தைச் சுருக்கித் தட்டி நேராக்க ஒரு வாரம் ஆயிற்று.

பெட்ரோல் இருந்த டேங்கைக் கழுவியிருந்தாலும் வீட்டில் அடிக்காதீர்கள். உள்ளே தங்கிய ஆவிக்குத் துகள்வீச்சில் உண்டாகும் ஒரு நிலைமின் பொறி போதும். மோரிஸ் மைனரின் முன் சஸ்பென்ஷனில் உள்ள டார்ஷன் பார்களையும், எந்தக் காரின் ஸ்பிரிங்குகளையும் கூர்முனைத் துகளால் அடிக்க வேண்டாம். முறுக்கத்தைத் தாங்கும் இரும்பில் விழும் கீறல் பின்னாளில் விரிசலுக்கு வழி விடும். பேரிங், திருகுமரை, ஹைட்ராலிக் பிரேக் பாகங்கள், குரோம், கண்ணாடி ஆகியவற்றை வேலையிடத்துக்கே கொண்டுவர வேண்டாம்.

துகள்

ஆற்று மணலும் கட்டுமான மணலும் மலிவாகக் கிடைக்கும். அவற்றைத் தொடாதீர்கள். மணலில் உள்ள சிலிக்கா இரும்பில் மோதி நொறுங்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலின் ஆழம்வரை சென்று தங்கிவிடும். அங்கே உண்டாகும் தழும்பே சிலிக்கோசிஸ் நோய். அந்தத் தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. தூசியை விட்டு விலகிய பிறகும் நோய் முற்றக்கூடும். பிரிட்டன் 1950ஆம் ஆண்டு வாக்கிலேயே இவ்வேலைக்கு மணலைத் தடை செய்தது. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1974இல் அதே பரிந்துரையைச் செய்தது. நம் நாட்டுக்கே உரிய இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பழைய வெள்ளீயச் சுரங்க நிலங்களில் மிஞ்சிய ‘அமாங்’ என்னும் கனத்த கறுப்பு மணல் நன்றாக வெட்டும் என்று யாராவது சொன்னால் வாங்கிவிடாதீர்கள். அதில் மோனசைட் போன்ற கதிரியக்கத் தாதுக்கள் கலந்திருக்கும்.

வீட்டு வேலைக்கு நான் பரிந்துரைப்பது கார்னெட் என்னும் தாதுத் துகள். அதில் தனிச் சிலிக்கா மிகக் குறைவு, விளிம்பு கூர்மையானது, கனமாக இருப்பதால் தூசியும் குறைவு. தடித்த பாகங்களுக்கு 30/60 மெஷ், தகரத்துக்கு 80 மெஷ் எடுங்கள் (மெஷ் என்பது சல்லடைக் கண் எண்; எண் கூடினால் துகள் நுண்ணியது). மூடிய கேபினட் பெட்டிக்குள் அடிப்பதாக இருந்தால் அலுமினியம் ஆக்சைடு ஏற்றது, ஏனெனில் அதைச் சலித்துப் பலமுறை பயன்படுத்தலாம். கார்புரேட்டர் உடல் போன்ற அலுமினியப் பாகங்களுக்குக் கண்ணாடி மணிகள் பொருந்தும். சோடா உப்புத்தூளை வீசும் முறை 1980களில் நியூயார்க் சுதந்திரதேவி சிலையின் உட்புறத்தைச் சுத்தம் செய்தபோது புகழ்பெற்றது. அது பெயின்டை மென்மையாக எடுக்கும், ஆனால் குழித்துருவைத் தொடாது, எச்சத்தை முழுதும் கழுவாவிட்டால் புதுப் பெயின்ட் ஒட்டாது. இந்த ஈரக் காற்றில் இரும்பைக் கழுவிக் காயவைக்கும் வேலையைத் தேவையின்றி ஏற்க வேண்டாம்.

காற்று எவ்வளவு வேண்டும்

கருவி வாங்குபவர்கள் அழுத்தத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது காற்றின் அளவு. 3.2 மில்லிமீட்டர் துளையுள்ள நாசில் 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு) அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 கன அடி காற்றைக் குடிக்கும். கம்ப்ரசரின் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் மூன்று, நான்கு கன அடிதான் கிடைக்கும் என்பதால், இதற்கு ஐந்து குதிரைத்திறன் வேண்டும். வீட்டு 13 ஆம்பியர் பிளக்கில் மூன்று குதிரைத்திறனுக்கு மேல் ஓட்ட முடியாது. ஆகவே வழி இரண்டுதான்: 2.4 மில்லிமீட்டர் நாசில் போட்டு நிமிடத்துக்குப் பத்து கன அடிக்குள் மெதுவாக வேலை செய்வது. அல்லது எல்லாப் பாகங்களையும் முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொண்டு, ஒரு நாளுக்கு டீசல் கம்ப்ரசரை வாடகைக்கு எடுப்பது. நான் இரண்டையும் செய்திருக்கிறேன். பிராக்கெட்டுகளுக்கு முதலாவது போதும். சேஸிஸ் கால்களுக்கு இரண்டாவதுதான் வேலைக்கு ஆகும்.

நாசிலின் துளை தேய்ந்துகொண்டே போகும். 3.2 மில்லிமீட்டர் துளை 4.8 ஆகும்போது பரப்பு இரண்டேகால் மடங்காகி, காற்றுத் தேவை 17இலிருந்து 38 கன அடியாக உயர்ந்துவிடும். புதிய நாசிலுக்குள் சரியாக நுழையும் டிரில் பிட் ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, வேலை தொடங்கும்போதெல்லாம் நுழைத்துப் பாருங்கள்; ஆடினால் மாற்றுங்கள்.

துகளை உறிஞ்சி எடுக்கும் துப்பாக்கி மலிவு, ஆனால் அதன் வேகம் குறைவு. அழுத்தக்கலம் உள்ள கருவி துகளைத் தள்ளி அனுப்புவதால் பலமடங்கு விரைவாக வெட்டும். 3.2 மில்லிமீட்டர் நாசிலும் 80 பி.எஸ்.ஐ. அழுத்தமும் இருந்தால் மணிக்கு 45 கிலோ துகள் வரை செலவாகும் என்று கணக்கு வைத்து வாங்குங்கள். பழைய கேஸ் சிலிண்டரை வெட்டி வெல்டு செய்து அழுத்தக்கலம் செய்வோரைப் பார்த்திருக்கிறேன். அதன் அருகில்கூட நிற்காதீர்கள். கையை எடுத்தவுடன் வீச்சை நிறுத்தும் பிடி இல்லாத கருவியையும் வாங்க வேண்டாம்.

காற்றில் உள்ள நீர்

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி ஒரு வரியில் முடிந்துவிடும். இங்கே வெற்றியும் தோல்வியும் இதில்தான். கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 17 கன அடி என்றால் மணிக்கு ஏறத்தாழ 29 கனமீட்டர். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பினாங்குக் காற்றில் கனமீட்டருக்கு 24 கிராம் அளவு நீராவி இருக்கும். ஆகவே மணிக்கு 700 கிராம் நீரைக் கம்ப்ரசர் இழுக்கிறது. தொட்டியில் 7 பார் (ஏறத்தாழ 100 பி.எஸ்.ஐ.) அழுத்தத்தில் அடைந்து அதே வெப்பத்துக்குக் குளிரும்போது, அந்தக் காற்றால் 110 கிராம் அளவுதான் ஆவியாகத் தாங்க முடியும். மிச்சமுள்ள அரை லிட்டருக்கு மேற்பட்ட நீர் எங்காவது சொட்டியே ஆக வேண்டும். அது ஹோஸுக்குள் சொட்டினால் கார்னெட் சேறாகி நாசிலை அடைக்கும். இரும்பின் மேல் சொட்டினால் நீங்கள் சுத்தம் செய்யும்போதே துரு பிடிக்கும்.

நீர்ப்பிரிப்பானைத் தொட்டியின் வாயிலேயே மாட்டுவது பலரும் செய்யும் தவறு. அங்கே காற்று இன்னும் சூடாக இருப்பதால் நீர் ஆவியாகவே பிரிப்பானைக் கடந்து, பின்னர் ஹோஸில் குளிர்ந்து நீராகும். முதலில் காற்றைக் குளிர்விக்க வேண்டும். நான் 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் பத்து மீட்டரைச் சுவரில் மேலும் கீழுமாக வளைத்து ஓட்டி, ஒவ்வொரு கீழ்வளைவிலும் வடிகுழாய் வைத்து, அதன் முடிவில் பிரிப்பானையும், அதற்குப் பின் சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்த்தியையும் மாட்டினேன். நாசிலில் துகளின்றிக் காற்றை மட்டும் ஒரு நிமிடம் வெள்ளைத் தாளில் ஊதிப் பாருங்கள். ஈரப்பொட்டோ எண்ணெய்ப்பொட்டோ தெரிந்தால் அன்று அடிக்காதீர்கள்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். இரும்பின் வெப்பம் காற்றின் பனிநிலையைவிட, அதாவது காற்றிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையின் பொது விதி. இங்கே பனிநிலை ஆண்டு முழுவதும் 24 டிகிரியை ஒட்டியே நிற்பதால், இரவெல்லாம் குளிர்ந்த இரும்பு காலை ஏழு மணிக்கு அந்த வரம்பைத் தொடாது. பத்து மணிக்கு மேல் தொடங்கி, மழை திரளும் முன் பிற்பகலில் பிரைமரையும் முடித்துவிடுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. ஜனவரி, பிப்ரவரி மாதங்களே பினாங்கில் இவ்வேலைக்கு உகந்த காலம்.

இடமும் உடலும்

தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டின் முன்வாசலில், மூடிய கேபினட்டைத் தவிர வேறெந்தத் துகள்வீச்சும் செய்யக் கூடாது. தூசி மூன்று வீடு தாண்டும். இரைச்சல் எளிதில் நூறு டெசிபலைக் கடக்கும். முதல் நாள் நான் கொல்லைப்புறத்தில் அடித்தபோது பக்கத்து வீட்டு அக்கா வேலியருகே வந்து, “தம்பி, துணி காயுது, சின்னப் பிள்ள தூங்குது, இன்னைக்கும் அடிக்கப் போறியா?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அன்றே நிறுத்திவிட்டு, புக்கிட் மெர்தாஜாமில் உறவினரின் தோட்டத்துக் கொட்டகைக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். அவர் கேட்டது துணிக்காக மட்டும் அன்று என்பது பெயின்டைச் சோதித்த பிறகு புரிந்தது: பழைய பெயின்டில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு வண்ணங்களில், ஈயம் இருக்கும்; அக்கால பிரிட்டிஷ் கார்களின் இணைப்புகளையும் ஈயத்தால்தான் நிரப்பினார்கள். ஈயத் தூசி பெரியவர்களைவிடக் குழந்தைகளை அதிகம் பாதிக்கும்.

காற்று ஊட்டப்படும் தலைக்கவசமே இவ்வேலைக்கு உரியது. ஆனால் சுவாசிக்கும் காற்றை எண்ணெய் போடும் சாதாரணக் கம்ப்ரசரிலிருந்து நேராக எடுக்காதீர்கள். அதில் எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் வரக்கூடும். சிறு வேலைக்கு, முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும், நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி முகமூடியும் அதன் மேல் துகள்வீச்சுத் தலைமூடியும் குறைந்தபட்சத் தேவை. தாடி இருந்தால் முகமூடி பொருந்தாது. மருத்துவமனை முகமூடியும் துணிக்கட்டும் பயன் தரா. என் தந்தை கப்பல் பட்டறையில் அடிப்பாகம் சுரண்டும் வேலையில் இருந்தவர். அவர்கள் காலத்தில் ஈரத் துண்டைத்தான் மூக்கில் கட்டிக்கொண்டார்கள். அவருடைய கூட்டாளிகளில் சிலர் கடைசிக் காலத்தில் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்ததை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். இந்தப் பகுதியை மட்டும் யாரும் மேலோட்டமாகப் படிக்காதீர்கள்.

வேலை உடையைக் கொட்டகையிலேயே கழற்றித் தனியாகத் துவையுங்கள். பிரேக் டிரம்மில் உள்ள பழைய தூசியை ஊதவோ அடிக்கவோ வேண்டாம். அக்கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள்.

அடிக்கும் முன்பும் அடிக்கும்போதும்

கிரீஸையும் அடிப்பாகத் தாரையும் துகள்வீச்சு எடுக்காது. துகள் அவற்றில் மோதித் திரும்பும், அல்லது கிரீஸை இரும்பின் மயிர்க்கண்களுக்குள் ஏற்றிவிடும். தாரை ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டி, கிரீஸைக் கழுவித் துடைத்த பிறகே பாகம் மேசைக்கு வர வேண்டும். ஈயம் நிரப்பிய இணைப்புகளையும் மரைகளையும் ரப்பர் துண்டு வைத்துத் தடித்த டேப்பால் மூடுங்கள். ரப்பரில் துகள் மோதித் துள்ளிவிடும், வெட்டாது.

தடித்த பாகத்துக்கு 80 பி.எஸ்.ஐ. வரை போகலாம். தகரத்துக்கு 30இல் தொடங்கி, 40ஐத் தாண்ட வேண்டாம். நாசிலை ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல், தகரத்துக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வில் பிடித்து, பெயின்டிங் பிரஷ் ஓட்டுவதுபோல் ஓயாமல் நகர்த்துங்கள். துரு முதல் வீச்சில் போகாவிட்டால் அங்கேயே நிற்காமல் வேறு இடத்தை அடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பாகத்தையும் கருவியையும் எர்த் கம்பியால் இணைத்தால் கையில் நிலைமின் அடி விழாது. சத்தம் திடீரென்று கூர்மையானால் துகள் வரவில்லை, வெறுங்காற்று வருகிறது என்று பொருள். மங்கி விட்டுவிட்டு இரைந்தால் துகள் அளவுக்கு மீறிப் போகிறது. சில மணி நேரத்தில் காதே வால்வைத் திருப்பக் கற்றுக்கொள்ளும். தகரத்தில் ஊசித்துளைகள் தோன்றினால் வருந்த வேண்டாம், அங்கே முன்பே இரும்பு இல்லை. வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டு செய்யும் இடம் அது.

அடித்த பின்

சரியாக அடித்த இரும்பு பளபளக்காது. சீரான வெளிர்சாம்பல் நிறத்தில், நகத்தால் வருடினால் மெல்லிய சொரசொரப்புடன் இருக்கும். அதைத் தோல் பட வெறுங்கையால் தொடாதீர்கள். நான் ஒருமுறை ரிம்மைத் திருப்பி வைத்ததில் ஐந்து விரல் தடமும் மறுநாள் காலை மஞ்சளாக எழுந்து நின்றன.

இப்போது உடனே பிரைமர் எடுக்காமல் ஒரு மணி நேரம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் குழிகளைப் பாருங்கள். சுற்றிலும் சாம்பலாக இருக்க, குழிகள் மட்டும் கறுத்து வந்தால் அவற்றின் அடியில் கடல் உப்பு மிஞ்சியிருக்கிறது. மோரிஸின் முன் குறுக்குச் சட்டத்தில் மிளகு தூவியதுபோல் அவை கறுத்ததைப் பார்த்தபோது, மேலே பூசி மூடிவிடத்தான் மனம் வந்தது. அப்படிச் செய்தால் உப்பு பிரைமருக்கு அடியில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ச்சி வடித்த நீரால் பிரஷ் போட்டுக் கழுவி, உடனே சூடான காற்றால் உலர்த்தி, மெல்லிதாக மறுபடி அடியுங்கள். எனக்கு அந்தச் சட்டம் மூன்று சுற்று எடுத்தது. மூன்றாம் முறை குழிகள் சாம்பலாகவே நின்றன.

பிறகு உலர்காற்றால் ஊதி, நாரற்ற துணியால் துடைத்து, அன்றைக்கே இரண்டு கலவை எபாக்சி பிரைமர் பூசுங்கள். அமிலம் கலந்த எட்ச் பிரைமரை எபாக்சிக்கு அடியில் பூச வேண்டாம். பல எபாக்சிகள் அதன் மேல் சரியாகப் பிடிக்காது. முதல் பூச்சைக் குழிகளுக்குள் பிரஷ்ஷால் குத்திப் பூசி, இரண்டாவதைத் துப்பாக்கியால் அடிப்பது என் வழக்கம். பிரைமர் அடிக்கும்போது தூசி வடிகட்டி போதாது, ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டியும் சேர்த்து மாட்டுங்கள்.

பெட்டிபோல் மூடிய பாகங்களுக்குள் புகுந்த கார்னெட் ஒரே நாளில் வெளியே வராது. கதவுக்குக் கீழே ஓடும் சில் எனப்படும் பெட்டிச்சட்டம், கதவின் அடிப்பகுதி, சேஸிஸ் கால் ஆகியவற்றைத் திருப்பித் திருப்பி வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, வேக்குவமால் இழுத்து, மறுநாளும் அதையே செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே மெழுகுப் பூச்சு. இல்லையேல் மேல்பெயின்ட் அடிக்கும் நாளில், ஈரப் பெயின்டின் மேல் ஒரு மூலையிலிருந்து இரண்டு மணிகள் உதிரும்.

கீழே விரித்த கித்தானைச் சுருட்டி, பயன்படுத்திய துகளையும் பெயின்ட் தூளையும் மூடியுள்ள தோம்பில் கொட்டி, என்ன இருக்கிறது என்று மேலே எழுதி ஒட்டுங்கள். அபாயக் கழிவுகளுக்கென நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. ஈயம் கலந்த தூளை உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். எவ்வளவு சிறிய அளவானாலும் அதை வாய்க்காலில் கழுவி விடாதீர்கள். நம் வாய்க்கால்கள் ஆற்றிலும் கடலிலும்தான் போய்ச் சேர்கின்றன.